பதினோராவது குழாய்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அப்பா அதை ஃபிரிட்ஜ் கதவில், லிஃப்ட் கம்பெனி கொடுத்த காந்தத்தால் ஒட்டி வைத்துவிட்டார். பால் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் அதை இன்னொரு தடவை படிக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை இரவுக்குள் வீட்டில் மூன்று பேருக்கும் அது மனப்பாடம்.

ரயிலில் ஏழு மணி நேரம் தள்ளியிருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை அனுப்பிய கடிதம் அது. வேதியியலில் இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகிற அந்த வீட்டுப் பெண்ணை மறுபடியும் இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளத் தயார் என்றது. அதாவது ஒரு வருடம் போய்விடும். நடுவில் ஒரு வரி: "தாங்கள் இணைத்திருந்த குடிநீர்க் குழாய்கள் பற்றிய செய்தி தேர்வுக் குழுவினரை வெகுவாகக் கவர்ந்தது." அந்த ஒரு வரியை அப்பா தன் வேலையிடத்தில் நாலு பேரிடமாவது படித்துக் காட்டியிருந்தார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எதையும் லிஃப்டுக்குள் ஏற்றித்தான் பேசுவார்.

"நீ இப்ப மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நிக்கிற, பாப்பா," என்றார் சாப்பிடும்போது. "அந்த மாதிரி நேரத்துல உள்ள இருக்கறவங்க கதவைப் போட்டுத் தள்ளக் கூடாது. மெக்கானிக் வர்ற வரைக்கும் சும்மா நிக்கணும்."

"மெக்கானிக் யாருப்பா?"

"அது தெரியல. நான் லீவு."

அம்மாவுக்கு பஸ் டெப்போவில் வேலை, தொலைந்த பொருட்களின் கவுண்டரில். கறுப்புக் குடை ஒன்று தொலைந்தது என்று யாராவது வந்தால் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டாள். கைப்பிடி எப்படி, எந்தக் கம்பி வளைந்திருக்கும், உறை உண்டா என்று கேட்டுக்கொண்டே போவாள். பொருந்தினால்தான் பதிவேட்டை முன்னால் தள்ளி, "கையெழுத்துப் போட்டு எடுத்துக்கோங்க" என்பாள்.

"போகணும்னு இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"இருக்கும்மா."

"எதுக்கு?"

"நல்லா எழுதறேன்னு சொல்றாங்கல்ல."

அம்மா அவளை, குடை கறுப்பு என்று மட்டும் சொன்ன ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டில் அவள் பாப்பா. மாணவர்கள் நடத்தும் வாரப் பத்திரிகையில் அவளுக்குப் பெயர் சீசா. இரண்டு மாதத்துக்கு முன்னால் பை நிறைய கண்ணாடிச் சீசாக்களோடு விடியற்காலையில் வளாகத்தைச் சுற்றிவந்து, பதினோரு குடிநீர்க் குழாய்களில் தண்ணீர் பிடித்து, சோதனைச் சாலையில் தானே பரிசோதித்துச் செய்தி எழுதியதால் வந்த பெயர். பத்துக் குழாய்களில் குறையொன்றும் இல்லை. பதினோராவது நூலகத்துக்குப் பின்னாலிருந்த கேன்டீன் குழாய். அதில் குளோரின் அனுமதித்த அளவைப் போல் மூன்று மடங்கு இருந்தது. செய்தி முதல் பக்கத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. மறுநாளே அந்தக் கேன்டீனுக்கு நீச்சல்குளம் என்று பட்டம் வைத்துவிட்டார்கள். "வர்றியா, நீச்சல்குளத்துல ஒரு டீ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டு வேறு கடைக்குப் போனார்கள்.

பத்திரிகையின் ஆசிரியர் கத்தரி. அவன் வரலாற்றுத் துறை மாணவன், அவளைவிட ஒரு வருடம் பெரியவன். யார் எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பிப்பான்.

"குழாயைச் சரி பண்ணிட்டாங்களான்னு ஒரு தொடர் செய்தி போடணும்," என்றான் செவ்வாய்க்கிழமை. "நீ ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி எழுதிக் கொடுத்துட்டுப் போ."

"போறேன்னு யார் சொன்னது?"

"போகலன்னும் யாரும் சொல்லலயே."

அன்று மதியம் அவள் கேன்டீன் குழாயில் தண்ணீர் பிடித்தாள். கூட்டம் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. சோதனைச் சாலையில் மாத்திரையைப் போட்டுக் குலுக்கினாள். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஆனது, ஆனால் வெளிறிய சிவப்பு, மற்றப் பத்துக் குழாய்களைப் போலவே. சரி செய்துவிட்டார்கள் என்று நினைத்துக் கட்டடப் பொறியாளருக்குப் போன் செய்தாள்.

"நாங்க ஒண்ணுமே பண்ணலையேம்மா," என்றார் அவர். "நீங்க எழுதினப்பவே வந்து பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. சரி, சின்னப் பிள்ளைங்க, எழுதிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

போனை வைத்த பிறகும் அவள் சோதனைக் குழலைக் கையிலேயே வைத்திருந்தாள். முன்பு கண்ட அளவு பொய்யில்லை. மூன்று முறை செய்து பார்த்துக் குறிப்பேட்டில் எழுதியது. மதியம் கண்ட அளவும் பொய்யில்லை. நடுவில் யாரும் எதையும் தொடவும் இல்லை. மறுபடியும் அதே நேரத்துக்குப் போய்ப் பார்ப்பதைத் தவிர வழி தெரியவில்லை.

புதன்கிழமை ஆறரை மணிக்குக் கேன்டீனின் ஷட்டர் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. அவள் குனிந்து உள்ளே போனாள். நாற்காலிகள் மேசைகள் மேல் தலைகீழாகக் கிடந்தன. தரை இன்னும் துடைக்காமல் கிடந்தது. கேன்டீன் நடத்தும் அக்கா தொட்டியின் முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஈரத்துணியால் குழாயின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடியை ஒரு முடிகூட வெளியே வராமல் துணியால் கட்டியிருந்தார்.

"கடை ஏழு மணிக்குத்தான்."

"டீ வேண்டாங்க்கா. கொஞ்சம் தண்ணி எடுக்கணும்."

அக்கா திரும்பி அவள் கையிலிருந்த சீசாவைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"நீதானா அது?"

"ஆமாக்கா."

"நீ இவ்வளவு குட்டியா இருப்பேன்னு நெனைக்கல. எழுத்தைப் பார்த்தா ஆறடி ஆளு மாதிரி இருந்துச்சு."

தொட்டியின் ஓரத்தில் ஒரு கிண்ணம் இருந்தது. அதில் வட்டமாக ஏதோ மூழ்கிக் கிடந்தது. மூக்கை அரிக்கிற நெடி.

"கிண்ணத்துல என்னக்கா?"

"குழாயோட வாய். உள்ள சின்னதா வலை இருக்கும், அழுக்கு பிடிச்சுக்கும். தினம் இந்த நேரத்துக்குக் கழட்டி பிளீச்சுல ஊறப் போடுவேன். பத்து நிமிஷம் ஊறினதும் மாட்டிடுவேன். முன்னாடியெல்லாம் ஒரு மூடிதான் ஊத்துவேன். நீ தண்ணி சரியில்லன்னு எழுதினதுக்கு அப்புறம் ரெண்டு மூடி."

அவள் பையைத் தரையில் வைத்தாள்.

"மாட்டினதும் தண்ணியைத் திறந்து விடுவீங்களாக்கா?"

"எதுக்கு வீணா? முதல் பக்கெட் தரை துடைக்க. அடுத்ததுதான் டீக்கு."

அக்கா வலையை எடுத்து மாட்டித் திருகினார். சீசா முதல் தண்ணீரைப் பிடித்து மாத்திரையைப் போட்டாள். பீட்ரூட் சாறு மாதிரி சிவந்தது. இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு மறுபடி பிடித்தாள். வெளிறிய சிவப்பு.

இப்போது எல்லாம் புரிந்தது. குழாயில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, இரவு முழுக்க நின்ற தண்ணீரின் முதல் சொட்டைப் பிடிக்க வேண்டும் என்று சோதனைச் சாலையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாடத்தில் அவள் வகுப்பிலேயே முதல். அதே கையோடு குளோரினுக்கும் முதல் தண்ணீரைப் பிடித்துவிட்டாள். மற்றப் பத்துக் குழாய்களை விடியற்காலையில் கழுவுகிற ஆள் யாரும் இல்லை. வளாகத்திலேயே சுத்தமான குழாயைத்தான் அவள் முதல் பக்கத்தில் ஏற்றி அடித்திருந்தாள். அன்றைக்கு இந்த ஷட்டருக்குள் குனிந்து வந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அக்கா அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, இதே குழாயில் பிடித்துக்கொண்டு ஓடியிருந்தாள்.

"இது என்ன கலரு, நல்லதா கெட்டதா?" என்றார் அக்கா.

"உங்க தண்ணில ஒரு தப்பும் இல்லக்கா. தப்பு என்னோடது."

"இன்னொரு தடவை சொல்லு."

"தப்பு என்னோடது."

"ரெண்டு மாசம் கழிச்சுக் கேக்கவும் நல்லாத்தான் இருக்கு," என்றபடி அக்கா மேசை மேலிருந்த ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டார். "உக்காரு. டீ குடிப்பியா, இல்ல பயமா இருக்கா?"

அவள் குடித்தாள். நோட்டை எடுத்தாள். எத்தனை வருடமாக இந்தக் கடை, எப்போதிருந்து இந்தக் கழுவல், செய்தி வந்த அன்று என்ன நடந்தது என்று கேட்டாள். அக்கா பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார். செய்தி வந்த அன்று ஒரு கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடை வழியாகப் போய்விட்டுத் திரும்பி வந்ததாம், மறுபடி பொத்திக்கொண்டு போவதற்கு. "எங்கள் தண்ணீர் சுத்தமானது" என்று பலகை எழுதி வைத்ததும் சிரிப்பு இரண்டு மடங்காகிவிட்டதாம். தினமும் இரண்டு டீ குடிக்கிற ஒரு பேராசிரியர் கையில் ஃபிளாஸ்க்கோடு வந்து, "உங்க மேல ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அந்த ஃபிளாஸ்க்கிலிருந்தே ஊற்றிக் குடித்தாராம்.

"அவரு இப்பவும் வர்றாராக்கா?"

"வர்றாரு. நாற்காலி மட்டும் என்னுது."

நோட்டில் ஒன்பது பக்கம் நிறைந்திருந்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது ஒன்பதே கால். எட்டு மணிக்குச் சோதனைச் சாலை வகுப்பு இருந்தது. இரண்டு வருடத்தில் ஒரு வகுப்பைக்கூட அவள் தவறவிட்டதில்லை. இதை மறந்தே போயிருந்தாள்.

பத்திரிகையின் அறை பழைய கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டு கணினிகள், தலை இடிக்கிற கூரை. சுவரில் கத்தரியே எழுதி ஒட்டிய தாள் ஒன்று இருந்தது. தவறு வந்தால் திருத்தம் அதே பக்கத்தில் அதே அளவில் வர வேண்டும். அச்சுக்குப் போவதற்கு முன்னால் எழுதியவரே நேரில் போய், யாரைப் பற்றி எழுதினாரோ அவரிடம் படித்துக் காட்ட வேண்டும். விளையாட்டுப் போட்டியின் புள்ளிக்கணக்கு, பேச்சாளரின் வயது என்று இதுவரை வந்ததெல்லாம் ஒற்றை வரித் திருத்தங்கள்.

கத்தரி முழுவதையும் கேட்டான். குறுக்கே வெட்டவில்லை.

"ஒரு பத்தி போதும்ல?" என்றான் கடைசியில்.

"அதே அளவுன்னு நீதானே எழுதி ஒட்டின."

"அது முதல் பக்கத்துல பாதி. பாதிப் பக்கத்துக்குத் தப்பு பண்ணிட்டோம்னு எழுதறதா?"

"பாதிப் பக்கத்துக்குப் பண்ணினோம்ல."

அவன் தலையைச் சொறிந்தான். "அக்காகிட்ட கேட்டியான்னு நான் அப்பவே கேட்டேன். கேட்டா உஷாராயிடுவாங்கன்னு நீ சொன்ன. எனக்கும் அது பெரிய பத்திரிகைக்காரங்க பேச்சு மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்."

"அப்ப அதையும் போடணும்."

"போடு," என்றான். அவள் எழுதி முடித்ததில் பதினேழு வரிகளை வெட்டினான். தன்னைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவைத்தான். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உனக்கு சீட்டு கொடுத்ததே இந்தச் செய்திக்காகத்தானே? அங்க சொல்லப் போறியா?" என்று கேட்டான்.

"நீ என்ன சொல்ற?"

"பத்திரிகைக்கு அது தேவையில்ல. ஏழு மணி நேரம் தள்ளி இருக்கறவங்க நம்ம திருத்தத்தை எங்க படிக்கப் போறாங்க? நீயா சொன்னாத்தான் உண்டு." கர்சரை ஒரு வரி கீழே இறக்கினான். "நான் உனக்கு நல்லது சொல்றேனா கெட்டது சொல்றேனான்னு எனக்கே தெரியல."

வியாழக்கிழமை மதியம் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடப் போனவர் போகாமலே, "நீயே படி" என்றார். அவள் படித்தாள். சொந்தத் தப்பைச் சத்தமாகப் படிப்பது எழுதுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. நடுவில் ஒருமுறை தண்ணீர் கேட்டாள். அக்கா அந்தக் குழாயிலிருந்தே பிடித்துக் கொடுத்தார்.

"எல்லாம் சரிதான்," என்றார் அக்கா. "டீ நல்லாயிருக்கும்னு ஒரு வரி சேத்துக்கோ."

"அது முடியாதுக்கா. அது கருத்து. இது திருத்தம்."

"நீச்சல்குளம்னு சொன்னது மட்டும் கருத்து இல்லையா?"

"அது நாங்க எழுதல. பசங்க வச்ச பேரு."

"நீ எழுதினதைப் பார்த்துதான் வச்சாங்க."

அவள் அச்சுப்படியில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். "பேராசிரியர் ஃபிளாஸ்க் எடுத்துட்டு வர்றது இதுல இருக்குக்கா," என்றாள்.

"பேரு போடலயே?"

"போடல."

"போட வேண்டாம். பாவம், நாற்காலியும் போயிடும்."

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தார்.

"அந்த வரியை நான் நாலு பேர்கிட்ட படிச்சுக் காட்டிட்டேனே, பாப்பா."

"ஏழு பேருன்னு கேள்விப்பட்டேன்," என்றாள் அம்மா.

"திருத்தத்தையும் படிச்சுக் காட்டுங்கப்பா. அதே அளவு இருக்கு."

அப்பா சிரித்துவிட்டார். பிறகு, "அவங்களுக்கும் எழுதப் போறியா?" என்றார்.

"திருத்தத்தையும் சேத்து நாளைக்கு அனுப்பறேன். இதைப் பார்த்த பிறகும் எடுத்துக்கிட்டா வர்றேன்னு எழுதிட்டேன்."

"எடுத்துக்கலன்னா?"

"பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன். போகணும்னு திங்கக்கிழமை இருந்ததைவிட இப்பத்தான் அதிகமா இருக்கு. மறைச்சுட்டுப் போனா, அங்க முதல் நாள்லேருந்து எந்தக் கேன்டீன் பக்கமும் தலை காட்ட முடியாது."

அம்மா பாத்திரத்தைத் துடைப்பதை நிறுத்தினாள். "எதுக்குப் போகணும்?" திங்கட்கிழமை கேட்ட அதே குரல்.

அப்பா ஏதோ சொல்ல வந்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நேத்து காலையில நான் பண்ணினது தப்புன்னு தெரிஞ்ச பிறகும் ரெண்டு மணி நேரம் அங்கேயே உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேம்மா. வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா எழுந்து வரணும்னே தோணல. லேப் மறந்துபோச்சு. சோதனை எனக்கு வரும். கேக்கறதுதான் இன்னும் சரியா வரல. கேட்டா உஷாராயிடுவாங்கன்னு நான் சொன்னா, போய்க் கேட்டுட்டு வான்னு திருப்பி அனுப்பற ஆளு எனக்கு வேணும். இங்க நானும் கத்தரியும்தான். ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டிக்கறோம்."

அம்மா ஃபிரிட்ஜ் கதவிலிருந்து கடிதத்தை எடுத்து மேசை மேல் அவள் பக்கமாகத் தள்ளினாள்.

"கையெழுத்துப் போட்டு எடுத்துக்கோ," என்றாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பதில் போனது. கூடவே திருத்தமும், புதன்கிழமைக் குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களும். பத்திரிகையும் அன்றுதான் வெளிவந்தது. முன்பு ஓடி ஓடிப் படித்த அளவுக்குத் திருத்தத்தை யாரும் படிக்கவில்லை. ஆனாலும் பிற்பகலில் கேன்டீனில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. "அந்த நீச்சல்குளத்துல தண்ணி நல்லா இருக்காம்" என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னதை அவளே கேட்டாள்.

சனியும் ஞாயிறும் அப்பா ஃபிரிட்ஜைத் தேவைக்கு மேல் திறந்தார். கதவில் எதுவும் இல்லை. காந்தம் மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பதில் வந்தது. அவள் மாடிப்படி அறையில் நின்றபடி படித்தாள். இடம் உறுதி, ஜூன் மாதக் கடைசியில் வந்து சேரலாம் என்றிருந்தது. அதற்குக் கீழே துறைத் தலைவர் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தார். செய்தியையும் திருத்தத்தையும் பெயர்களை நீக்கிவிட்டு முதலாம் ஆண்டு வகுப்பில் பாடமாக வைத்துக்கொள்ள அனுமதி தருவீர்களா?

அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா கவுண்டரில் இருந்தாள். பின்னால் யாரோ பச்சைப் பை, பச்சைப் பை என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே பாடமாயிட்டேம்மா."

"நல்லதுக்கு உதாரணமாவா, கெட்டதுக்கா?"

"ரெண்டு பக்கமும் இருக்கு."

"அப்பாகிட்ட நானே சொல்றேன். இல்லன்னா நல்லதை மட்டும் படிச்சுக் காட்டுவாரு," என்றாள் அம்மா. பிறகு கவுண்டர் பக்கம் திரும்பி, "சரிங்க, பச்சைதான். ஜிப்பு எந்தப் பக்கம்?" என்று கேட்பது காதில் விழுந்தது.

கத்தரிக்கு அவள் கடிதத்தைக் காட்டினாள். அவன் படித்துவிட்டு, துறைத் தலைவரின் இரண்டு வரியை ஒன்றாக்கலாம் என்றான். பிறகு அவள் இடத்துக்கு யாரைச் சேர்ப்பது என்று யோசிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவள் கேன்டீனில் இருந்தாள். ஊருக்குப் போகிறவரை வாரம் ஒருமுறை வந்து தண்ணீரைப் பார்த்து, அளவைப் பலகையில் எழுதிவிட்டுப் போக வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. பலகையைத் திருப்பிப் போட்டு, சாக்பீஸும் வாங்கி வைத்திருந்தார். பிளீச் மறுபடி ஒரு மூடிக்கு இறங்கியிருந்தது.

அக்கா வலையை மாட்டித் திருகினார். சீசா பக்கெட்டைக் கீழே வைத்துக் குழாயைத் திறந்தாள்.

"எவ்வளவு நேரம் ஓடணும்னு சொன்ன?"

"ரெண்டு நிமிஷம்க்கா."

"அது வரைக்கும் என்ன பண்றது?"

"ஏதாவது கேக்கறேன்," என்றாள் அவள்.

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தண்ணீர் பக்கெட்டில் விழுந்துகொண்டிருந்தது. பக்கெட் நிறைந்து வழிந்து தரையை நனைத்த பிறகுதான் இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள்.